நம்பரும் தேதியும் இல்லாத மனு

ஆனி 26, திங்கள்

சாரல். நாலு நாளாக வெயிலைக் காணோம். ஆபீஸ் காகிதமெல்லாம் நமுத்த அப்பளம். பேனாவை வைத்தால் மசி ஊறுகிறது. மத்தியானம் வரை மூன்று நகல்தான் முடிந்தது. பாக்கி நாலு.

குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஹெட்கிளார்க் சபாபதி பிள்ளை கூப்பிட்டார். (இனிமேல் ஹெ.கி. முழுப்பெயரும் எழுதும் அளவுக்கு இன்று அவர்மேல் பிரியமில்லை.) கையில் சிவப்பு நாடா கட்டின உறை. சானிடரி இன்ஸ்பெக்டர் தேவசகாயம் எழுதின ரிப்போர்ட். மூன்று சுத்தப் பிரதி வேண்டுமாம். ஆறு வருஷமாக ஆக்டிங் குமாஸ்தா நான். வேலை நிரந்தரமில்லை, நம்பிக்கை மட்டும் நிரந்தரம்.

"வே, கான்பிடென்ஷியல். எழுதுத கைக்கு மட்டும் தெரியணும். வாய்க்குத் தெரியப்படாது."

எழுதினேன். விஷயம் இவ்வளவுதான். குற்றாலத்தில் மேலவரிசை லாட்ஜுகளுக்கு நடுவே இருக்கிற பொதுக்கிணறு கெட்டுவிட்டது. மேட்டில் புதிதாக வெட்டின கக்கூஸ் குழியிலிருந்து கசிவு. பதினொரு பேருக்கு ரத்தபேதி. பெயர், ஊர், வீடு எல்லாம் போட்டு ஜாபிதா. கிழவர் ஒருவர் காலமாகிவிட்டார். கிணற்றை உடனே மூடவேண்டும். கடைசிப் பாராவில், பக்கத்து இட்லிக்கடை வேலம்மாள் கடையைச் சோதித்ததில் மாவும் பாத்திரமும் சுத்தம், பேதிக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை என்று கண்டிருக்கிறது.

பேதி பரவுகிறது என்று அந்தக் கடையைத்தான் போன வாரம் நாங்கள் பூட்டி அரக்கு முத்திரை வைத்தோம். கிணறு எங்கள் தாலுகா போர்டுக்குச் சொந்தம். அந்த லாட்ஜுகளில் இரண்டு, போர்டு பிரசிடெண்டின் மைத்துனருடையவை.

நம்பர் 41/சி. தேதி ஆனி 24. ஓரத்தில் பிரசிடெண்டு பென்சிலால்: "சீசன் முடியும்வரை நிறுத்தி வைக்கவும்."

பல்வலியோடு மூன்று பிரதியும் எழுதி முடித்தேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று ஹெ.கி. சொன்னார்.

ஆனி 27, செவ்வாய்

சாரல். காற்று வேறு. கோபுரவாசலில் ஒருவர் மேல்துண்டு பறந்தே போய்விட்டது.

வேலம்மாள் வந்தாள். நாற்பது இருக்கும். புருஷன் ரங்கூன் போனவன், தகவல் இல்லை. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாசம் அருவிக் கூட்டத்துக்கு இட்லி போட்டுத்தான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. அதில் ஆனி போய்விட்டது.

ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னாள்: "ஐயா, இன்ஸ்பெக்டர் ஐயா எங் கடைக்கு வந்தாக. மாவ மோந்து பாத்தாக, குண்டானக் கவுத்துப் பாத்தாக. ஒரு குத்தமும் இல்லம்மான்னு அங்கனயே சொல்லிட்டாக. அத எழுதித் தாங்கன்னா, ஆபீசுல கேளுங்காக."

நகல் மனு கொண்டுவந்திருந்தாள். வேப்பமரத்தடியில் பெட்டிஷன் எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தது. நாலாவது பத்தி: ஆவணத்தின் நம்பர், தேதி. காலி. நம்பர் தேதி இல்லாத மனு எங்கள் ஆபீசில் மனுவே இல்லை. சட்டப்படி திருப்பவேண்டும். என் கையால் எழுதினேன்: நம்பர், தேதி இல்லை. திருப்பப்பட்டது.

"நம்பரு ஒங்ககிட்டதானய்யா இருக்கு. எங்கிட்ட எப்படி இருக்கும்?"

ரூல் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சாதாரணக் காகிதத்துக்கு ஜன்னலோரம் தொங்குகிற பதிவுப் புஸ்தகத்தைப் பார்த்து யாரும் நம்பர் எழுதிக்கொள்ளலாம். 'சி' போட்ட நம்பர் எல்லாம் தனிப் புஸ்தகம். அது ஹெ.கி. பெட்டிக்குள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் நான்தான்.

வீட்டில் பொரிச்ச குழம்பு. பல்வலியில் ருசி தெரியவில்லை.

ஆனி 28, புதன்

ஹெ.கி.யிடம் வாயைக் கொடுத்தேன். தப்பு.

"நீரு என்ன நெனைக்கீரு வே, நான் என்ன ராட்சசனா? அந்த ஜாபிதாவப் பாத்தீருல்லா? அதுல ரெண்டு வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கு. பேதி வந்த வீடுன்னு சந்தைக்கடையில பேசுனா எவன் பொண்ணெடுப்பான்? வெளிய சொல்ல மாட்டாருன்னு நம்பித்தான தேவசகாயத்த உள்ள விட்டான். நாம நகல் குடுத்தா அடுத்த வருசம் எவன் கதவத் தொறப்பான்? அந்த மனுசன்தான் இனிம உள்ளத உள்ளபடி எழுதுவாரா?"

பாதி நியாயம். அதுதான் எரிச்சல். முழு அநியாயமாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

"அப்போ பேர எல்லாம் விட்டுட்டு கடைசிப் பாராவ மட்டும் எழுதிக் குடுத்துருவோமே?"

"ரூல்ல அரை நகல் கிடையாது. குடுத்தா முழுசு. இல்லன்னா இல்ல."

"சரி, கிணத்தையாவது மூடலாமில்ல?"

"மூடுனா ஏன்னு கேப்பான்லா?"

அதோடு அவர் வெற்றிலையை எடுத்துவிட்டார். வெற்றிலை எடுத்தால் பேச்சு முடிந்தது.

ஒன்று கவனித்தேன். சனிக்கிழமை தோறும் அருவிக்குப் போகிறவர், குடிக்க மட்டும் தென்காசித் தண்ணீரைக் கூஜாவில் எடுத்துப் போகிறார். போன வாரம் கூஜா இரண்டு.

ஆனி 30, வெள்ளி

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வாங்கவேண்டியது: குடைக்கம்பி, கிராம்புத் தைலம், வீட்டுக்கு மண்ணெண்ணெய்.

ஆலங்குளத்திலிருந்து மச்சினன் ஆறுமுகம், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். சீசனுக்கு வந்திருக்கிறார்கள். வழியில் நம் வீட்டில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

"ரூம் எங்க எடுத்திருக்கிய?" என்றேன்.

"மேலவரிசையில அத்தான். கிணறு வாசல்லயே. தண்ணிக்கு அலைய வேண்டாம்."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. அவள் (என் வீட்டுக்காரி) என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் வந்தாலே ஒங்களுக்கு மூஞ்சி தொங்கிரும்" என்றாள். இருக்கட்டும், அப்படியே நினைக்கட்டும்.

ஆனி 32, ஞாயிறு

தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில் குற்றாலம். பேரருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய்த் தேய்ப்புக்காரர்கள் கூப்பாடு. மங்குஸ்தான் கூடை கூடையாக. ஊரே கல்யாண வீடு.

மேலவரிசை. கிணற்றில் நாலு வாளி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பார்த்தால் தண்ணீர் கண்ணாடி.

மச்சினனைக் கிளப்பினேன். குரங்குத் தொல்லை, பிள்ளைகளைக் கடித்துவிடும், ஐந்தருவி ரோட்டில் தெரிந்தவர் லாட்ஜ் இருக்கிறது என்று வாய்க்கு வந்த பொய். அவனுக்கு மனசே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி மத்தியானத்துக்குள் மூட்டையைக் கட்ட வைத்தேன். பிள்ளைகள் இரண்டும் அழுதன. காலி செய்த அறைக்கு வெளியே ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். சீசன் அல்லவா.

அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதவே கூசுகிறது. என் ஆட்களுக்கு மட்டும் ரகசியம் இல்லை. மற்ற ஜனங்களுக்கு ரகசியம்.

திரும்பும்போது வேலம்மாள். பூட்டிய கடைவாசலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுவேட்டிக்காரர் ஒருவர் கூட வந்தவரிடம், "இதுதான் அந்தப் பேதிக்கடை" என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டு போனார். அவள் எழுந்து போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தாள்.

பொறுக்கவில்லை. "காய்ச்சிக் குடிங்கம்மா" என்றுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி? கிணத்துக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மழைக்காலம்லா."

என் முகத்தையே பார்த்தாள். அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டாள் வேறு. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சோறும் கொஞ்சம், பூசணிக்காயோ பெரிசு.

ஆடி 3, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. பல் பிடுங்கியாகிவிட்டது. கொள்ளை ரத்தம்.

வேலம்மாள் விடவில்லை. காலியாக விட்டால் திருப்புகிறார்கள் என்றதும் நம்பர் போட ஆரம்பித்துவிட்டாள். திங்கள்: நம்பர் 108, ஆனி 20. நேற்று: நம்பர் 7, ஆனி 21. இன்று: நம்பர் 63, ஆனி 22.

"இந்த நம்பரெல்லாம் யாரு சொன்னா?" என்றேன்.

"குற்றாலநாதர் சந்நிதியில சீட்டுப் போட்டுப் பாத்தேன். சின்னப் புள்ளய விட்டு எடுத்தது."

குற்றாலநாதருக்கும் 'சி' புஸ்தகம் திறக்கவில்லை போல. மூன்று மனுவுக்கும் பதில் எழுதினேன்: அப்படி ஆவணம் எதுவும் இல்லை. பொய் இல்லை. 63 நம்பரில் ரிப்போர்ட் கிடையாதுதான். இந்த ஆபீசில் ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான், பொய் சொல்லாமலே ஒருத்தியைத் தெருவில் நிறுத்துவது.

ஆடி 6, சனி

பஸ் நிற்கிற இடத்தில் தேவசகாயத்தைப் பிடித்தேன். நல்ல மனிதர். சைக்கிளை விட்டு இறங்கினார். தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"நான் எழுதிட்டேன் சார். உள்ளத உள்ளபடி எழுதிட்டேன். மேல சொல்லுதது என் வேலை இல்ல."

"நீங்களே கிணத்துமேட்டுல நின்னு சொன்னா என்ன?"

"சொன்னா எந்த வீட்டுலயும் இனிம என்னைப் படியேத்த மாட்டாங்க. வாந்தியையும் பேதியையும் எங்கிட்ட காட்டுதாங்கன்னா, நான் ஊமைன்னு நம்பித்தான். ஆனா ஒண்ணு. கிணத்துக்கு மானம் கிடையாது சார். அத ஏன் மறைக்காங்கன்னு எனக்கும் வெளங்கல."

இன்னும் நாலு பேர் படுத்திருக்கிறார்களாம், அதே வரிசையில். அனுபந்த ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்கும் நான்தான் பிரதி எடுக்கவேண்டும்.

சைக்கிள் ஏறும்போது, "யார்ட்டயும் நான் பேசுனதா சொல்லிராதீங்க" என்றார். அவருக்கும் ரகசியம் வேண்டியிருக்கிறது.

ஆடி 8, திங்கள்

ஹெ.கி. சிரித்த முகம். "உம்ம பெர்மனெண்டு காகிதம் மேல போகுது வே. இந்த மாசக் கடைசிக்குள்ள கையெழுத்தாயிரும். சூதானமா இரும்."

வீட்டில் சொன்னேன். அவள் உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். ஆறு வருஷம் காத்த காகிதம். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வேலம்மாளின் ஆறாவது மனு. நம்பர் 40, ஆனி 23. ஒன்று தள்ளி, ஒரு நாள் தள்ளி. அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்று எழுதும்போது மசி சொட்டிவிட்டது. வேறு தாள் எடுத்து எழுதினேன். அதுவும் நல்ல எழுத்தாகத்தான் வந்தது.

ஆடி 10, புதன்

சாரல் திரும்பவும். ஹெ.கி. மத்தியானம் பிரசிடெண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

வேலம்மாள் வந்தாள். மனுவில் நாலாவது பத்தி காலி.

"சீட்டுப் போட்டுப் பாக்கலையா?"

"சாமிக்கு அலுத்துப்போச்சு அண்ணாச்சி. எனக்கும் அலுத்துப்போச்சு. இன்னைக்கு ஒரு பொம்பள எம் மூஞ்சிக்கு நேர கேட்டா, ஒம் புள்ளைக்குப் போடுவியாட்டீ அந்த இட்லியன்னு. எம் புள்ளைக தெனமும் அதத்தான தின்னுச்சு. கடைய நீங்க தொறந்து விடாண்டாம். என் இட்லியில விஷமில்லன்னு ஒரு காயிதம். அத வச்சு நான் பொழச்சுக்கிடுவேன்."

அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

மனுவை வாங்கினேன். பேனாவை மசியில் தொட்டேன். நாலாவது பத்தியில் எழுதினேன்: 41/சி, ஆனி 24. என் எழுத்தில், தெளிவாக. பதிவுப் புஸ்தகத்திலும் ஏற்றிவிட்டேன். ஏற்றின மனுவை இனிமேல் திருப்ப முடியாது. ஒன்று நகல் தரவேண்டும், இல்லையென்றால் காரணம் காட்டி மறுக்கவேண்டும்.

"இது என்ன நம்பரு அண்ணாச்சி?"

"சும்மா போட்டுப் பாத்தேன்" என்றேன்.

இதுவும் ஒரு பொய். ஆனால் இதை எழுதக் கூசவில்லை.

ஆடி 13, சனி

நேற்றெல்லாம் யோசனை. நகல் தர எனக்கு அதிகாரம் இல்லை. தந்தால் அந்தப் பதினொரு வீட்டு மானமும் சந்திக்கு வரும். ஹெ.கி. சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மறுப்புப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். ஆறு வருஷமாக நிரப்புகிற பாரம், இன்றுதான் ஒழுங்காக வாசிக்கிறேன். இரண்டாவது பத்தி: ஆவணத்தின் தலைப்பு, சுருக்காமல் எழுதவும். அடிக்குறிப்பு: தமிழ் மனுவுக்குப் பதில் தமிழில் தரவும்.

ரிப்போர்ட்டின் தலைப்பு இங்கிலீஷில் ஒன்றரை வரி. தமிழில் ஆக்கினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பதில் இப்படி:

"41/சி நம்பர், ஆனி 24 தேதியிட்ட, 'குற்றாலம் மேலவரிசைப் பொதுக்கிணற்றில் கக்கூஸ் குழிக் கசிவு கலந்து தண்ணீர் குடிக்கத் தகாததாகி ரத்தபேதி உண்டானது பற்றிய ரிப்போர்ட்' ரகசியமானபடியால், மனுதாரர் வேலம்மாளுக்கு நகல் தருவதற்கில்லை."

யார் பெயரும் இல்லை, வேலம்மாள் பெயரைத் தவிர. ரிப்போர்ட்டிலிருந்து ஒரு வரி இல்லை. சட்டப்படி மறுப்பு.

சனிக்கிழமை. ஹெ.கி. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடும் நாள். வெளியே வண்டி நிற்கிறது, கூஜா ஏறிவிட்டது. கட்டுக்குள் இருபத்திரண்டு காகிதம். பதினேழாவதாக வைத்தேன். "மறுப்பா? மறுப்புன்னா சரி" என்று போட்டுக்கொண்டே போனார்.

வேலம்மாளிடம் கொடுத்தேன். "நகல் கிடையாதுன்னு எழுதியிருக்கு. ஆனா வாசிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட முழுசையும் வாசிக்கச் சொல்லுங்க" என்றேன்.

இரவு நன்றாகத் தூங்கினேன். எழுதி வைக்கவேண்டிய விஷயம்தான், நாளாயிற்று.

ஆடி 15, திங்கள்

நல்ல வெயில். அப்படியொரு வெயில்.

நேற்று காலையிலேயே வேலம்மாள் அந்த மறுப்பைக் கடைக்கதவில் ஆணி வைத்து அடித்துவிட்டாளாம், எங்கள் முத்திரைக்குப் பக்கத்திலேயே. ஒருவர் சத்தமாக வாசித்தாராம். பத்து மணிக்குள் கிணற்றில் ஒரு வாளி இல்லை. மேலவரிசை பாதி காலி. கிணற்றை ஏன் இன்னும் மூடவில்லை என்று லாட்ஜ்காரர்களே சண்டைக்கு வந்துவிட்டார்கள். இன்று காலை ஆள் அனுப்பிக் கிணற்றின் மேல் பலகை போட்டாயிற்று. இருபது நாள் முடியாதது ஒரு முற்பகலில் முடிந்தது.

கடை முத்திரை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதற்குத் தனி உத்தரவு வேண்டுமாம்.

ஹெ.கி. கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அந்த மனுவை என் முன்னால் விரித்து வைத்தார். "நம்பர எழுதுனது யாரு?"

"நான்தான்."

"உம்ம நம்பித்தான வே குடுத்தேன்" என்றார். சமாதானம் எழுதித் தர மூன்று நாள். பெர்மனெண்டு காகிதத்தை அவரே திருப்பி வாங்கிக்கொண்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜன்னலில் இன்று பதினாறு பேர். எல்லார் மனுவிலும் 41/சி, ஆனி 24. எல்லாருக்கும் மறுப்பு எழுதச் சொல்லி உத்தரவு, தலைப்பைச் சுருக்கி. பாரத்தைக் காட்டினேன். "எப்படியும் எழுதித் தொலையும்" என்றார். பதினாறும் சுருக்காமல் எழுதினேன்.

கடைசியாக ஒரு ஆள். கையில் மனு இல்லை. பாவூர்சத்திரம், வாழைக்காய் வியாபாரம். முகத்தில் ஒரு வாரத் தாடி. காய்ச்சல் கிடந்து எழுந்த மனைவிக்கு அருவித் தண்ணீர் நல்லது என்று கூட்டி வந்தவராம். மேலவரிசையில்தான் அறை.

"நகல் வேண்டாமய்யா. கதவுல ஒட்டியிருக்குதுல தேதி போட்டிருக்கே, ஆனி இருபத்துநாலுன்னு. அது நெசந்தானா?"

"நெசந்தான்."

"நாங்க வந்து எறங்குனது ஆடி ரெண்டு. அவ கண்ண மூடுனது ஒம்பது." விரலை மடக்கி எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "நாங்க வாரதுக்குப் பத்து நாளைக்கு முந்தியே எழுதியாச்சு."

"ஆமா."

"ஒங்களுக்கு எப்பய்யா தெரியும்?"

ரகசியம் என்று சொல்லிப் பழகின வாய். "ஆனி இருபத்தாறு. மத்தியானம் மூணு மணிக்கு" என்றேன்.

கோபப்படவில்லை. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், ஊர்க்காரரை விசாரிக்கிற மாதிரி: "ஒங்க ஆளுக யாரும் இந்த சீசனுக்கு அங்கன வரலையா?"

"வந்தாங்க. மேலவரிசையிலதான் இருந்தாங்க. அந்த ஞாயித்துக்கிழமையே நான் போயி வேற எடத்துக்கு மாத்திட்டேன்" என்றேன்.